தட்டச்சுப்பொறி முதல் எளிய உரைக்கோப்பு வரை: திரைக்கதை வடிவமைப்பின் வரலாறும் தமிழ் எழுத்தும்

ஆய்வுச்சுருக்கம்

திரைக்கதையின் தாள் வடிவம் கலைத்தேவையால் மட்டும் உருவானதன்று. அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் உற்பத்தி முறையும் தட்டச்சுப்பொறியின் இயந்திர அளவுகளும் சேர்ந்து அதனை வடித்தன. கணினி வந்தபின் அவ்வடிவம் வணிக மென்பொருள்களிலும், பின்னர்க் கட்டற்ற மென்பொருள்களிலும் விதியாகப் பதிந்தது. இவற்றுள் எளிய உரைக்கோப்பை அடிப்படையாகக் கொண்ட ஃபவுண்டன் என்னும் குறியீட்டு முறை, விலை குறைந்த மடிக்கணினியிலும் திரைக்கதை எழுத வழிசெய்தது. எனினும் அதன் விதிகள் இலத்தீன் எழுத்தின் இயல்புகளை முன்னிறுத்தியே அமைந்துள்ளன. இக்கட்டுரை இவ்வரலாற்றைத் தொகுத்து, தமிழில் எழுதுவோர் அம்முறையில் எதை ஏற்கலாம், எதை மாற்ற வேண்டும் என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திரைக்கதை வடிவம், தட்டச்சுப்பொறி, கூரியர் எழுத்துரு, கட்டற்ற மென்பொருள், ஃபவுண்டன், ஒருங்குறி, தமிழ் எழுத்து.

முன்னுரை

திரைக்கதை இருவகை வாழ்வுடையது. படிப்போர்க்கு அது கதை. படப்பிடிப்புக் குழுவினர்க்கு அது வேலைத்திட்டம். இவ்விரண்டாம் பயனே அதன் வெளித்தோற்றத்தை முடிவுசெய்தது. நாவலாசிரியர் எந்த எழுத்துருவில், எத்தனை அங்குல ஓரம் விட்டு எழுதினார் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அமெரிக்க மரபில் எழுதப்படும் திரைக்கதைக்கு எழுத்துரு, ஓரம், வரியிடைவெளி ஆகிய அனைத்தும் வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றை மீறிய படி, படிக்கப்படுவதற்கு முன்பே பயிற்சியற்றவர் எழுதியது என்று கருதப்படும் நிலையும் உண்டு.

இவ்வரையறை தமிழில் எழுதுவோரையும் இன்று வந்தடைந்துள்ளது. திரைக்கதைப் பயிலரங்குகளும் மென்பொருள்களும் அதனை உலகப் பொதுவிதியாக முன்வைக்கின்றன. அது பொதுவிதியா, குறிப்பிட்டதோர் இயந்திரத்தின் எச்சமா என்னும் வினா வரலாற்று நோக்கில் விடை காணத்தக்கது.

உற்பத்தி முறையும் எழுத்துப்படியும்

1910களில் அமெரிக்கப் படங்களின் நீளம் பெருகியபோது, செலவையும் நாளையும் முன்கூட்டியே கணக்கிடும் தேவை எழுந்தது. காட்சிகளை எண்ணிட்டு, ஒவ்வொன்றிற்கும் இடம், நடிப்பவர், செயல் ஆகியவற்றைக் குறித்த தொடர்ச்சிப்படி இத்தேவையிலிருந்து வளர்ந்தது. தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸின் படப்பிடிப்புத் தளத்தை இம்முறையின் முதன்மைச் சான்றாக ஜேனட் ஸ்டைகர் காட்டினார். டேவிட் போர்ட்வெல், கிறிஸ்டின் தாம்சன் ஆகியோருடன் இணைந்து அவர் எழுதி 1985இல் வெளிவந்த ஆலிவுட் குறித்த நூல், எழுத்துப்படியை உற்பத்திப் பிரிவினையின் கருவியாக விளக்கியது.

பெருநிறுவனங்கள் எழுத்தாளரையும் இயக்குநரையும் மாதச் சம்பளத்தில் வைத்திருந்த காலத்தில், எழுத்துப்படி நிறுவனத்துக்குள்ளேயே சுற்றிவந்தது. 1948இல் பாரமவுண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் அந்நிறுவனங்கள் தம் திரையரங்குகளைக் கைவிட நேர்ந்தது. படந்தோறும் நிதியையும் நடிகரையும் புதிதாகத் திரட்டும் முறை வலுப்பெற்றது. எழுத்துப்படி வெளியாரிடம் காட்டிப் பணம் திரட்டும் ஆவணமாயிற்று. ஒவ்வொரு கோணத்தையும் எண்ணிட்ட பழைய படி வெளியார் படிப்பதற்கு இடையூறாக இருந்தது. காட்சியை ஓர் அலகாகக் கொண்டு, கோணங்களை இயக்குநரிடம் விட்டுவிடும் முதன்மைக் காட்சி வடிவம் இச்சூழலில் நிலைபெற்றது. இன்று மென்பொருள்கள் தரும் வடிவம் இதுவே. ஆகவே இது திரைக்கலை தோன்றிய நாள்தொட்டு வரும் வடிவமன்று; ஒரு தொழில்துறை மாற்றத்தின் விளைவாகும்.

தட்டச்சுப்பொறியின் அளவுகள்

வடிவம் தொழில்துறையிலிருந்து வந்ததெனில், அளவுகள் தட்டச்சுப்பொறியிலிருந்து வந்தன. பைக்கா வகைப் பொறியில் ஓர் அங்குலத்துக்குப் 10 எழுத்து. செங்குத்தாக ஓர் அங்குலத்துக்கு 6 வரி. எல்லா எழுத்தும் சம அகலம் உடையவை. ஐ.பி.எம். நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் 1950களின் நடுவில் வடிவமைத்த கூரியர் எழுத்துரு இவ்வகையைச் சேர்ந்தது. அதன்மீது அந்நிறுவனம் தனியுரிமை கோராமையால் பிற தட்டச்சுப்பொறிகளிலும் அது பரவியது.

இடப்புறம் ஒன்றரை அங்குலமும் வலப்புறம் ஓர் அங்குலமும் விட்டால், எட்டரை அங்குல அமெரிக்கத் தாளில் செயல் விவரிப்புக்கு 6 அங்குலம், அதாவது 60 எழுத்து இடம் கிடைக்கும். உரையாடலுக்கு ஏறத்தாழ மூன்றரை அங்குலம், அதாவது 35 எழுத்து. தாளின் 11 அங்குல உயரத்தில் மேலும் கீழும் ஓரங்குலம் விட்டால் 54 வரி. உரையாடல் குறுகிய பத்தியாகவும் விவரிப்பு அகன்ற பத்தியாகவும் அமைவதால், பேச்சு மிகுந்த காட்சியும் செயல் மிகுந்த காட்சியும் நேரக் கணக்கில் ஓரளவு சமன்படுகின்றன. ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்னும் நடைமுறைக் கணக்கு இவ்வளவுகளின் மேல் எழுந்ததே. படப்பிடிப்பு அட்டவணை வகுப்போர் பக்கத்தை எட்டுச் சம பங்காக்கி, ஒரு காட்சி எட்டில் எத்தனை பங்கு என்று குறிப்பதும் இவ்வடிப்படையிலேயே.

எழுத்துரு, ஓரம், தாளளவு ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் இக்கணக்கு பிசகும். இந்தியாவில் வழங்கும் ஏ4 தாள் 11.69 அங்குல உயரமுடையது. அதே ஓரம் விட்டால் பக்கத்துக்கு 4 வரி கூடும். எழுத்துமுறையே மாறும்போது ஏற்படும் வேறுபாடு இதனினும் பெரிது. அது பின்னர் விளக்கப்படும்.

கணினியும் வணிக மென்பொருளும்

தட்டச்சுப் படியில் ஒரு வசனத்தை நீக்கினால் அடுத்தடுத்த பக்கங்கள் அனைத்தையும் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. 1980களில் தனிக்கணினி பரவியபோது முதலில் தீர்க்கப்பட்ட சிக்கல் இதுவே. ஸ்டீபன் கிரீன்ஃபீல்டு, கிறிஸ் ஹண்ட்லி ஆகியோர் உருவாக்கிய ஸ்கிரிப்டர், பொதுச் சொற்செயலியில் எழுதிய உரையைப் பெற்றுப் பக்கம் பிரித்துக் கொடுத்தது. பக்கத்தின் அடியில் உரையாடல் முறிந்தால் தொடர்ச்சிக் குறிப்பையும் தானே இட்டது. அமெரிக்கத் திரைப்பட அகாதெமி 1994ஆம் ஆண்டுக்கான தொழில்நுட்ப விருதினை இதற்கு வழங்கியது. 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த ஃபைனல் டிராஃப்ட், எழுதும்போதே திரையில் வடிவத்தைக் காட்டியது. நாளடைவில் ஆலிவுட்டின் நடைமுறைத் தரமாயிற்று.

இம்மாற்றத்தில் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, தட்டச்சுப்பொறி மறைந்த பின்னும் அதன் அளவுகள் மென்பொருளுக்குள் நிலைபெற்றன. எழுத்துப்பணியின் கருவிகள் மாறியும் கூரியரின் ஆட்சி ஏன் தொடர வேண்டும் என்று கேத்ரின் மில்லார்டு 2010இல் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையில் வினவினார். அவர் வினா இன்றும் பொருந்தும். மற்றொன்று, வடிவம் விலைப்பொருளாயிற்று. தட்டச்சுப்பொறி உடைய எவரும் ஓரத்தை நகர்த்தி அவ்வடிவத்தில் எழுத முடிந்தது. மென்பொருள் காலத்தில் அதே வடிவத்துக்கு உரிமக் கட்டணம் தேவைப்பட்டது. மேலும் பழைய ஃபைனல் டிராஃப்ட் கோப்புகளைப் பிற செயலிகளால் எளிதில் படிக்க இயலவில்லை. 2009இல் எட்டாம் பதிப்புடன் வந்த எக்ஸ்.எம்.எல். அடிப்படையிலான கோப்பு வடிவமே இதனைத் தளர்த்தியது.

விலை குறைந்த கணினியும் கட்டற்ற கருவிகளும்

2007இல் சந்தைக்கு வந்த ஏசூஸ் ஈ.பி.சி. 701 சிறு மடிக்கணினி, 7 அங்குலத் திரையும் 4 ஜிகாபைட் சேமிப்பும் 512 மெகாபைட் நினைவகமும் உடையது. லினக்ஸ் இயங்குதளத்துடன் வந்தது. விலை குறைந்த கணினி என்னும் வகையை மக்களிடையே நிலைநாட்டியவற்றுள் இது ஒன்று. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. தனிக்கணினி வாங்க இயலாத குடும்பங்களில் முதற்கணினி பெரும்பாலும் இவ்வகையினதே. இத்தகைய கணினியில் உரிமக் கட்டணமின்றி, குறைந்த நினைவகத்தில் இயங்கும் கருவியே பயன்படும்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பகுதியிலிருந்து 2000களின் நடுவில் வெளிவந்த செல்டெக்ஸ், மோசில்லா தொழில்நுட்பத்தின் மேல் கட்டப்பட்டது. கட்டணமின்றிக் கிடைத்த அது மூன்று முதன்மை இயங்குதளங்களிலும் இயங்கியது. பின்னர் அந்நிறுவனம் இணையவழிக் கட்டணச் சேவைக்கு மாறி, கணினியில் நிறுவும் பதிப்பைக் கைவிட்டது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட டிரெல்பி, ஜி.பி.எல். உரிமத்தில் வெளிவந்தது, மிகக் குறைந்த வளத்தில் விரைந்து இயங்குவது. ஆனால் அதன் தொடக்கப் பதிப்புகள் ஒருங்குறியை ஏற்கவில்லை. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு அப்பால் எதையும் அவற்றில் எழுத இயலாது. கட்டற்ற உரிமம் இருந்தும் தமிழருக்கு அது மூடிய கதவே. விலையின்மை வேறு, அணுகல் வேறு என்பதற்கு இது தெளிவான சான்று.

ஃபவுண்டன்: எளிய உரையின் இலக்கணம்

ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன், எளிய உரையில் சிறு குறியீடுகளால் தலைப்பு, அழுத்தம் முதலியவற்றைக் காட்டும் முறையாகும். திரைக்கதையாசிரியர் ஜான் ஆகஸ்ட், இயக்குநரும் காட்சி விளைவு வல்லுநருமான ஸ்டூ மாஷ்விட்ஸ் ஆகியோர் தனித்தனியே இதனையொத்த முயற்சிகளில் ஈடுபட்டிருந்தனர். அவை இணைந்து 2012இல் ஃபவுண்டன் என்னும் திறந்த விதித்தொகுப்பாக வெளிவந்தன. 2013இல் கூரியர் பிரைம் என்னும் எழுத்துருவும் திறந்த உரிமத்தில் கிடைத்தது.

ஃபவுண்டன் மென்பொருளன்று, எழுதும் இலக்கணம். விண்டோசின் நோட்பேடு முதல் லினக்சின் உரைத்தொகுப்பி வரை எதிலும் எழுதலாம். எழுதிய கோப்பை மாற்றி, பக்கம் பிரித்துத் தருவதற்குத் தனிச் செயலிகள் உள்ளன. 120 பக்கத் திரைக்கதையும் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். எழுதும் வேலையும் வடிவமைக்கும் வேலையும் பிரிந்ததே இதன் வரலாற்றுச் சிறப்பு. தட்டச்சுப்பொறி ஒன்றாக்கிய இரண்டையும் இது மீண்டும் வேறாக்கியது.

அதன் விதிகள் சிலவே. ஆங்கிலத்தில் உட்புறம், வெளிப்புறம் என்பவற்றைக் குறிக்கும் ‘இன்ட்’, ‘எக்ஸ்ட்’ முதலிய சுருக்கங்களில் தொடங்கும் வரி காட்சித் தலைப்பு. மேலே வெற்று வரி இருந்து, கீழே வெற்று வரியின்றி, முழுவதும் பெரிய எழுத்தில் அமைந்த வரி பாத்திரப் பெயர். அதனைத் தொடர்வது உரையாடல். பெரிய எழுத்தில் அமைந்து ‘டு’ என்னும் ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் கொண்டு முடியும் தனிவரி காட்சி மாற்றம். எஞ்சியவை செயல் விவரிப்பு.

தமிழ் எழுத்து எதிர்கொள்ளும் சிக்கல்கள்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. ஆகவே பாத்திரப் பெயரை அடையாளம் காணும் முதன்மை விதி தமிழில் செயலிழக்கிறது. செயலி ஆங்கிலப் பெரிய எழுத்தைத் தேடுமாயின் தமிழ்ப் பெயர் ஒன்றும் பெயராகாது. உரையாடல் முழுவதும் செயல் விவரிப்பாகவே அச்சாகும். மாறாக, வரியைப் பெரிய எழுத்தாக மாற்றிப் பார்த்து வேறுபாடு இல்லையெனில் பெயர் என்று முடிவு செய்யுமாயின், தமிழ் வரி ஒவ்வொன்றும் அச்சோதனையில் தேறிவிடும். ஈரடி விவரிப்பின் முதல் வரியும் பாத்திரப் பெயராகிவிடும். காட்சித் தலைப்பும் காட்சி மாற்றமும் ஆங்கிலச் சொற்களைச் சார்ந்திருப்பதால் அவையும் தமிழில் தாமாக அமையா.

இதற்குரிய தீர்வு விதித்தொகுப்பிலேயே உள்ளது. பெயருக்கு முன் ‘@’ குறியும், காட்சித் தலைப்புக்கு முன் ஒரு புள்ளியும், காட்சி மாற்றத்துக்கு முன் ‘>’ குறியும், விவரிப்புக்கு முன் வியப்புக்குறியும் இட்டு, வரியின் வகையை ஆசிரியரே அறிவிக்கலாம். இடையில் சிறிய எழுத்து வரும் ‘மெக்’ முன்னொட்டுப் பெயர்கள் போன்றவற்றுக்காகச் சேர்க்கப்பட்ட ‘@’ குறி, பெரிய எழுத்தே இல்லாத மொழிக்கு அடிப்படைத் தேவையாகிறது. ஆங்கிலத்தில் விதிவிலக்காக இருப்பது தமிழில் விதியாகிறது. சான்றாகப் பின்வரும் பகுதியைக் கொள்ளலாம்:

.உட்புறம் - ஊர் நூலகம் - மாலை

மேசைமேல் பழைய நாளேடு ஒன்று விரிந்து கிடக்கிறது.

@வள்ளி
இந்தப் பக்கத்தைக் கிழிச்சது யாரு?

@முத்து
(தயங்கி)
நான் வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு.

இரண்டாம் சிக்கல் அளவு பற்றியது. தமிழ் எழுத்துகள் சம அகலமுடையன அல்ல. ‘ர’ குறுகியது, ‘ணை’ அகன்றது. ‘தமிழ்’ என்னும் சொல் இலக்கண நோக்கில் மூன்று எழுத்து; ஒருங்குறியில் அது ஐந்து குறியெண்களால் ஆனது. 35 எழுத்துக்கு ஒரு வரி என்று எண்ணி மடக்கும் செயலி, புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனி எழுத்தாக எண்ணுவதால் தமிழ் வரியைத் தேவைக்கு முன்பே மடக்கிவிடும். இதனுடன் தமிழ் ஒட்டுநிலை மொழியாதலால் சொற்கள் நீண்டவை. குறுகிய உரையாடற் பத்தியில் வரியீற்று வெற்றிடம் மிகும். எனவே ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்னும் கணக்கைத் தமிழ்ப் படிக்கு அப்படியே பொருத்துவதற்கு அடிப்படை இல்லை.

மூன்றாம் சிக்கல் அச்சு வடிவம் பற்றியது. ‘கெ’ என்பதில் கொம்பு மெய்க்கு இடப்புறம் தோன்றினாலும் குறியெண் வரிசையில் மெய்யின் பின்னரே வரும். எழுத்துக்கோப்பு விதிகளை அறியாத செயலிகள் பி.டி.எஃப். கோப்பாக்கும்போது கொம்பை இடம் மாற்றிவிடுகின்றன. கூரியரில் தமிழ் எழுத்துகளே இல்லாமையால் கட்டங்கள் மட்டும் அச்சாவதும் உண்டு. கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் லோகித், நோட்டோ ஆகிய தமிழ் எழுத்துருக்களைச் செயலியில் தேர்ந்தெடுக்க இயலுமா என்பதையும், கொம்பும் புள்ளியும் உரிய இடத்தில் விழுகின்றனவா என்பதையும் முதற்பக்கத்திலேயே சோதித்தறிய வேண்டும். செயலி உதவாவிடில் லிபர் ஆஃபீஸ் சொற்செயலியில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பத்திப் பாணி வகுத்து அதே வடிவத்தைப் பெறலாம்.

தமிழ் மரபும் தக்க அளவும்

தமிழ்த் திரையுலகில் திரைக்கதையும் வசனமும் தனித்தனிப் பணிகளாகப் பெயர்ப்பட்டியலில் இடம்பெறுவது நெடுங்கால வழக்கம். 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் வசனம் நூலாகவும் பரவியது, எழுத்துப்படியின் மையம் அங்குப் பேச்சாக இருந்தது. தாளை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் காட்சியையும் மறுபுறம் உரையாடலையும் எழுதும் முறையும் வழங்கியது. இவை ஆலிவுட் வடிவத்தின் குறைபட்ட நிலைகள் அல்ல. வேறு பணிப்பிரிவினையின் வெளிப்பாடுகள்.

ஆகவே தமிழில் எழுதுவோர் உறுப்புப் பகுப்பையும் அளவையும் பிரித்துக் காண்பது பொருந்தும். காட்சித் தலைப்பு, விவரிப்பு, பெயர், உரையாடல் என்னும் பகுப்பு மொழி கடந்தது, அதனை ஏற்கலாம். 35 எழுத்து, 54 வரி முதலிய அளவுகள் ஓர் இயந்திரத்துக்குரியவை. அவற்றைத் தமிழுக்கென வகுக்க வேண்டும். அதற்கான வழி எளியது. ஏ4 தாளில் ஒரு தமிழ் எழுத்துருவையும் அளவையும் நிலையாகக் கொண்டு, பேச்சு மிகுந்த காட்சிகளையும் செயல் மிகுந்த காட்சிகளையும் நடிப்பு வேகத்தில் உரக்கப் படித்து நேரம் குறிக்க வேண்டும். படமாகி வெளிவந்த திரைக்கதைகளின் படிகளைப் படத்தின் கால அளவோடு ஒப்பிடுவதும் உதவும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் காட்சித் தொடர்பியல் துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணி இது.

பாதுகாப்பு என்னும் கூறு

கோப்பின் ஆயுள் ஆய்வாளர்க்கு நேரடித் தொடர்புடையது. ஒருங்குறிக்கு முன் தமிழ் உரை பல குறியாக்கங்களில் எழுதப்பட்டது. 1999இல் தமிழ்நாடு அரசு தாம், தாப் குறியாக்கங்களைத் தரப்படுத்திய பின்னும் பழைய வேறுபாடுகள் தொடர்ந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகள் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். கைவிடப்பட்ட மென்பொருளின் கோப்பு வடிவமும் இவ்வாறே. ஒரு திரைக்கதையின் முதல் வரைவு முதல் படப்பிடிப்புப் படி வரையுள்ள மாற்றங்களை ஆராய விரும்பும் வருங்கால ஆய்வாளர்க்குக் கோப்பு இருந்தும் படிக்க இயலாத நிலை ஏற்படலாம். ஒருங்குறியில் எழுதப்பட்ட எளிய உரை எந்தச் செயலியையும் சாராதது. உருவாக்கிய நிறுவனம் மறைந்தாலும் படிக்கத்தக்கது. வரைவுகளை ஒப்பிட்டு வேறுபாடு காட்டும் கருவிகளும் அதற்கு எளிதில் பொருந்துகின்றன. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காணப் பழகிய தமிழாய்வுக்கு இது அயலான பணியன்று.

முடிவுரை

திரைக்கதையின் இன்றைய வடிவம் 1948க்குப் பிந்தைய அமெரிக்க உற்பத்தி முறையையும் தட்டச்சுப்பொறியின் அளவுகளையும் ஒருங்கே தாங்கியது. வணிக மென்பொருள்கள் அவ்வடிவத்தைக் காத்ததோடு அதற்கு விலையும் வைத்தன. கட்டற்ற கருவிகள் விலையை நீக்கினும் இலத்தீன் எழுத்தின் முற்கோள்களை முழுதும் நீக்கவில்லை. ஃபவுண்டன் முறையில் உறுப்பறிவிக்கும் குறிகளை ஒழுங்காகப் பயன்படுத்தினால், விலை குறைந்த மடிக்கணினியிலும் தமிழ்த் திரைக்கதையைச் செப்பமாக எழுதவும் பாதுகாக்கவும் இயலும். பக்கக் கணக்கு மட்டும் தமிழ்த் தாளில், தமிழ்ப் பேச்சின் வேகத்தில் புதிதாக அளந்து காணப்பட வேண்டியதாகும். அவ்வளவு கிடைக்கும்வரை, ஆலிவுட் பக்கக் கணக்கைக் கொண்டு தமிழ்ப் படியின் நீளத்தையோ எழுதியவரின் தேர்ச்சியையோ மதிப்பிடுவது முறையன்று.